வறட்சியில் கன்றைப் பால் மறக்க வைப்பதும் தீவனத்தைக் கணக்குப் பார்த்துப் போடுவதும்: வேலூர்ப் பக்கத்து மாடு வளர்ப்போருக்கு முழுமையான வழிகாட்டி

தை அறுவடை முடிந்து வைக்கோல் களத்தை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்து பச்சை கிடைப்பது ஆடியில்தான். நடுவில் ஏறக்குறைய ஆறு மாதம். பாலாற்றில் மணல் மட்டும் தெரியும், ஏரியில் சீமைக்கருவேல் மட்டும் பச்சையாக நிற்கும், கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். நல்ல வருஷத்திலேயே இதுதான் நிலைமை. மழை பொய்த்த வருஷம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை கைவிட்டு, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள். அந்தக் கோடையில் கன்றும் தாயுமாகச் சந்தைக்கு ஓட்டிப் போய் கேட்ட விலைக்குக் கொடுத்தவர்கள் நம் ஊர்களில் நிறைய பேர்.

வறட்சியில் தீவனம் குறைவது ஒரு கஷ்டம். இருக்கிற தீவனம் தப்பான வயிற்றுக்குப் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். மூன்று மாதக் கன்று தாயின் மடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பாலைச் சுரக்கத் தாய் தின்ன வேண்டும். கன்று ஊட்டும் பசுவுக்கு, பால் வற்றிய பசுவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சத்து தேவை. வைக்கோலில் அது கிடைக்காது. அதனால் தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். இரண்டு மாதத்தில் விலா எலும்பு எண்ணலாம் போல் ஆகிவிடும், சினைக்கு வராது, அடுத்த வருஷக் கன்றும் போச்சு. அதே கன்றுக்கு ஒரு கிலோ நல்ல தீவனத்தை நேராகக் கொடுத்தால் கன்றும் வளரும், தாயும் வைக்கோலில் காலம் தள்ளிவிடும். இறைச்சிக்கென்றே பெரிய மந்தை வைத்திருக்கும் நாடுகளில் வறட்சி தெரிந்ததுமே செய்வது இதைத்தான். சாதாரணமாக ஆறு ஏழு மாதத்தில் பிரிக்கும் கன்றை மூன்று நான்கு மாதத்திலேயே பிரித்துவிடுவார்கள். நம்மிடம் இருப்பது இரண்டு மாடு, மூன்று மாடு. ஆனாலும் வழி அதேதான்.

முதலில் உங்கள் மாடு எந்த வகை என்று பாருங்கள்

ஜெர்சி கலப்புப் பசு கன்று இல்லாமலே கறவைக்கு நிற்கும். கன்றைப் பிரித்தாலும் பால் வரும், அதனால் இங்கே முடிவு எடுப்பது எளிது. ஜவ்வாது மலை மாடு, திருவண்ணாமலைப் பக்கத்துத் துரிஞ்சல் மாடு, ஊர் நாட்டு மாடு எல்லாம் அப்படி இல்லை. கன்று முட்டினால்தான் சுரப்பு விடும். இவற்றில் கன்றைப் பிரிப்பது என்றால் பெரும்பாலும் பாலையும் அதோடு நிறுத்துவது என்றே அர்த்தம். வீட்டுக்கு அந்த ஒரு லிட்டர் பால் முக்கியமா, மாடு முக்கியமா என்று முடிவு செய்துகொண்டு இறங்க வேண்டும். நேரத்துக்கு ஒரு லிட்டருக்கும் கீழே போய்விட்ட நாட்டுப் பசுவை வறட்சியில் கறந்துகொண்டிருப்பதில் லாபம் இல்லை என்பதே என் எண்ணம்.

காளைக் கன்று வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எருது விடும் விழாவுக்கு ஓடவிட வளர்க்கும் கன்றை எல்லோரும் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பார்கள். கலப்பினக் காளைக் கன்று பிறந்தால் பால் கூட விடாமல் கட்டிப் போட்டுவிடுவார்கள். அது இரண்டு மாதம் மெலிந்து கிடந்து சாகும், அல்லது ஒன்றுமில்லாத விலைக்குப் போகும். இறைச்சிக்குப் போகிற கன்றானாலும் எடைக்குத்தான் விலை. சரியாகப் பால் மறக்க வைத்து, ஆறு எட்டு மாதம் தேற்றி விற்றால் கைக்குக் காசு வரும். அது உயிரோடு இருக்கும் வரை பசியில் வாடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. எங்கே போகப் போகிறது என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

தீவனக் கணக்கு: மாசி மாதத்திலேயே உட்கார்ந்து போட வேண்டியது

கணக்குக்கு மாட்டின் எடை வேண்டும். எடை மேடை தேவையில்லை, தையல் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்கம் உட்காரும் எலும்பு வரை நீளம் பாருங்கள். இரண்டும் அங்குலத்தில் இருக்கட்டும். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். நெஞ்சு 60 அங்குலம், நீளம் 52 அங்குலம் என்றால் ஏறக்குறைய 284 கிலோ. நம் பக்கத்து மாடுகள் பெரும்பாலும் 250க்கும் 350க்கும் நடுவில்தான் நிற்கும்.

மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் 100க்கு 2 முதல் 2.5 பங்கு உலர்பொருள் தின்னும். உலர்பொருள் என்பது தண்ணீரைக் கழித்த எடை. 284 கிலோ மாட்டுக்கு 7 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வைக்கோல் 5 கிலோ, ஏதாவது பச்சை 8 முதல் 10 கிலோ, அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்தது) அரை கிலோ என்றால் இந்த 7 கிலோ கூடிவிடும். பச்சையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் 10 கிலோ பச்சை என்பது கணக்கில் 2 கிலோ சொச்சம்தான்.

ஆறு மாதத்துக்கு 180 நாள். நாளைக்கு 5 கிலோ வீதம் 900 கிலோ வைக்கோல். மிதித்து, சிந்தி, மழையில் நனைந்து போவதைச் சேர்த்தால் ஒரு மாட்டுக்கு ஒரு டன் சொச்சம் வேண்டும். ஒரு ஏக்கர் கழனியில் ஒன்றரை முதல் இரண்டு டன் வரை வைக்கோல் வரும் என்றால், ஏக்கருக்கு ஒன்றரை மாடு. மிஷின் கட்டும் ரோல் வாங்குகிறவர்கள் ‘இத்தனை ரோல்’ என்று கணக்குப் போடக் கூடாது. ஊருக்கு ஊர், மிஷினுக்கு மிஷின் ரோலின் எடை மாறும். நாலைந்து ரோலைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அறுவடை நேரத்தில் வாங்குவதற்கும் சித்திரையில் வாங்குவதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு கன்றுக்கான தீவனச் செலவே அடங்கிவிடும்.

கணக்குப் போட்டு, கையில் இருப்பது நாலு மாசத்துக்குத்தான் வரும் என்று தெரிந்தால், எல்லா மாட்டுக்கும் அரை வயிறு போட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றைக் குறையுங்கள். எல்லாம் மெலிந்த பிறகு எதற்கும் விலை வராது. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாசியில் நிற்கும் மாட்டின் உடம்பையும் வைகாசியில் நிற்கும் மாட்டின் உடம்பையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதலில் போக வேண்டியவை சினை பிடிக்காத மாடு, பல் தேய்ந்த கிழட்டு மாடு, உழவுக்கோ விழாவுக்கோ வேண்டாத பெரிய காளை. கடைசி வரை வைத்துக்கொள்ள வேண்டியவை சினைக் கிடாரியும் நல்ல தாய்ப்பசுவும். மழை வந்த பிறகு மந்தையைத் திரும்ப உண்டாக்குவது இவைதான்.

கன்று பிரிக்கத் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது

வயதைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், தின்பதைப் பார்த்துப் பிரியுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த கன்றுக்குப் பெரிய மாட்டைப் போல் அசைபோடும் வயிறு இருக்காது. பால் நேராக நாலாவது வயிற்றுக்குப் போய்விடும். முதல் வயிறு சும்மா ஒரு பையாகத்தான் கிடக்கும். தானியம் உள்ளே போய்ப் புளித்து, அதிலிருந்து வரும் அமிலம் படப்படத்தான் அந்தப் பையின் சுவர் தடித்து வேலைக்குத் தயாராகும். வைக்கோல் அந்த வேலையைச் செய்யாது. வைக்கோலை மட்டும் தின்ற சின்னக் கன்றுக்கு வயிறு பானை போல் தொங்கும், முதுகெலும்பு தெரியும். அதைப் பார்த்து ‘நல்லாத் தின்னுது’ என்று சொல்வார்கள். அது சத்தில்லாத தொந்தி.

அதனால் இரண்டாவது வாரத்திலேயே கன்றுத் தீவனத்தை ஒரு கைப்பிடி காட்ட ஆரம்பிக்க வேண்டும். முதலில் மோந்து பார்க்கும், தும்மும். பால் குடித்து முடித்த கையோடு, விரலில் தொட்டு நாக்கில் தடவிவிடுங்கள். நாலைந்து நாளில் தானாக வாய் வைக்கும். ஒரு மாதத்தில் கால் கிலோ, இரண்டு மாதத்தில் அரை கிலோவுக்கு மேல், மூன்று மாதத்தில் ஒரு கிலோ என்று ஏற வேண்டும். கலப்பினக் கன்று தொடர்ந்து மூன்று நாள் ஒரு கிலோ தின்றுவிட்டால் அது தயார். சின்ன நாட்டுக் கன்றுக்கு முக்கால் கிலோ போதும். வறட்சியில் மூன்று மாதம் நல்ல வயது. தாய் ரொம்ப மோசமாக இருந்தால், நன்றாகத் தின்னும் கன்றை இரண்டு மாதத்தில் கூடப் பிரிக்கலாம். அதற்குக் கீழே வேண்டாம்.

சீம்பாலில் மட்டும் வறட்சிக் கணக்கு பார்க்கக் கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் குடிப்பு, முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 20 கிலோ கன்றுக்கு 2 லிட்டர். அதில் பாதி முதல் ஆறு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அப்படிக் காத்திருக்கவே கூடாது. நேரம் போகப்போகச் சீம்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் உறிஞ்சாது.

கன்றுத் தீவனம் வீட்டிலேயே கலப்பது

100 கிலோவுக்கு மக்காச்சோளக் குருணை 47, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 20, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. இதில் புரதம் 100க்கு 19, 20 பங்கு வரும். கன்றுக்கு அதுதான் வேண்டும். மக்காச்சோளம் விலை ஏறினால் பாதிக்குக் கம்போ கேழ்வரகோ சேர்க்கலாம். தூளாக அரைக்காதீர்கள், ரவைக்கும் பெரிதாக உடைத்தால் போதும். மாவு மூக்கில் ஏறினால் கன்று ஒதுங்கிவிடும்.

புண்ணாக்கை வாங்கும்போது உடைத்து மோந்து பாருங்கள். நம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைப் புண்ணாக்கு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். அது கன்றின் ஈரலைக் கெடுக்கும், கறவை மாடு தின்றால் பாலிலும் இறங்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால், கசந்த வாடை வந்தால், விலை குறைவு என்று வாங்காதீர்கள். காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

யூரியா கலந்த எதையும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. பெரிய மாட்டுக்கு வாங்கும் மூட்டைத் தீவனம் சிலவற்றில் யூரியா சேர்ந்திருக்கும். மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

கூடவே மெல்லிய தழை ஏதாவது வேண்டும். கன்றுக்கு மல்லாட்டைக் கொடியைவிட நல்லது நம் பக்கத்தில் எதுவும் கிடையாது. இலை உதிராமல் நிழலில் காயவைத்த கொடியைப் பெரிய மாட்டுக்கு அள்ளிப் போடாமல் கன்றுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். வைக்கோலைத் தாய்க்கு விடுங்கள்.

பிரிக்கும் இரண்டு வாரம்

கன்று தாயோடு திரிகிறது என்றால், முதலில் கன்று மட்டும் நுழையும் ஒரு மூலை வேண்டும். மூங்கில் படலில் ஒன்றேகால் அடி அகலத்துக்கு இடைவெளி விட்டால் கன்று போகும், தாய் போகாது. உள்ளே தீவனத் தொட்டி, தண்ணீர், கொஞ்சம் நிழல். பிரிப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கன்று இங்கே பழகிவிட வேண்டும்.

முதல் நாலைந்து நாள் காலையும் மாலையும் ஊட்ட விடுவதை ஒரு வேளையாகக் குறையுங்கள். மாலை ஊட்டை நிறுத்திக் காலையில் மட்டும் விடுங்கள், பகலில் பசித்துத் தீவனத்துக்கு வரும். அடுத்த மூன்று நாலு நாள் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதே சமயம் தாய்க்குப் போடும் புண்ணாக்கு, தவிட்டையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். மடியில் பால் தானாகக் குறையும்.

அப்புறம் ஊட்டை அடியோடு நிறுத்திவிட்டு, படலுக்கு அந்தப் பக்கம் கன்று, இந்தப் பக்கம் தாய் என்று வையுங்கள். ஒன்றை ஒன்று பார்க்கலாம், மூக்கால் தொடலாம், மடிக்கு எட்டக் கூடாது. இரண்டு மூன்று நாள் கத்தும். ராத்திரியெல்லாம் கத்துவதைக் கேட்டு மனசு கேட்காமல் அவிழ்த்து விடுகிறவர்கள் உண்டு. ஒரு தடவை விட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கன்றுக்குத்தான் இரட்டைத் துன்பம். கன்றை ஒரேயடியாகத் தூரத்து வீட்டில் கொண்டுபோய்க் கட்டுவதைவிட இப்படிக் கண்ணெதிரே பிரிப்பதில் கன்று சீக்கிரம் அடங்கும், எடையும் அவ்வளவாகக் குறையாது. ஒரு வாரம் ஆனதும் கன்றை வேறு பக்கம் மாற்றலாம்.

ஒரே கொட்டகைதான், தனியாகக் கட்ட இடமில்லை என்றால் வாய்க்கூடை போடலாம். தின்னும் நேரத்துக்கும் தண்ணீருக்கும் மறக்காமல் கழற்ற வேண்டும். காம்பில் சாணி பூசுவது ஊர்ப் பழக்கம். அது மடிநோய்க்கு நேராக வழி திறந்து விடும். பூசித்தான் ஆக வேண்டும் என்றால் வேப்பெண்ணெய் பூசுங்கள்.

தாயின் மடி முதல் மூன்று நாள் கல்லாக இருக்கும். கறந்து காலி செய்யாதீர்கள், கறந்தால் மறுபடி சுரக்கும். ஆனால் தினம் தொட்டுப் பாருங்கள். ஒரு காம்புப் பக்கம் மட்டும் சூடாக, சிவந்து, தொட்டால் உதைக்கிறது, பால் திரித்திரியாக வருகிறது என்றால் அது மடிநோய். உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இந்த இரண்டு வாரத்தில் கன்றுக்கு வேறு எந்தத் தொல்லையும் கொடுக்காதீர்கள். கொம்பு சுடுவது, காயடிப்பது, தடுப்பூசி, வண்டியில் ஏற்றுவது எல்லாம் இதற்கு முன்னாலோ, மூன்று வாரம் கழித்தோ. பிரிந்த கன்று ஒன்றின் காதை ஒன்று சப்பும், கயிற்றைச் சப்பும், மண் தின்னும். பசியா என்று பாருங்கள், நக்கத் தாது உப்புக்கட்டி தொங்கவிடுங்கள். சாணத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம், ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

பிரித்த பிறகும் கன்றுத் தீவனத்தைக் குறைக்காதீர்கள். ஒரு கிலோவிலிருந்து ஆறு மாதத்தில் ஒன்றரை கிலோ வரை போகட்டும்.

தாய்க்கு வைக்கோலைச் சத்தாக்கிக் கொடுப்பது

நெல் வைக்கோலில் புரதம் 100க்கு 3, 4 பங்குதான். வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்யவே 7 பங்கு சொச்சம் வேண்டும். அதனால்தான் வயிறு நிறையத் தின்றும் மாடு இளைக்கிறது. வைக்கோலை யூரியாவில் ஊறவைத்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். கூடவும் வேண்டாம், கண்ணளவும் வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். கட்டி இல்லாமல் முழுவதும் கரைய வேண்டும். தரையில் தார்ப்பாய் விரித்து, 10 கிலோ 10 கிலோவாக வைக்கோலைப் பரப்பி, 5 லிட்டர் கரைசலைப் பூவாளியால் தெளித்து, ஏறி மிதித்து, அடுத்த அடுக்கு. நன்றாக மிதிபட வேண்டும், உள்ளே காற்று இருந்தால் பூஞ்சை வரும். மேலே பாலித்தீன் போட்டு ஓரமெல்லாம் மண் போட்டு மூடி, 21 நாள் தொடக் கூடாது. பிரிக்கும்போது கண்ணைக் கரிக்கும் அளவுக்கு நெடி அடித்தால் சரியாக வந்திருக்கிறது. வைக்கோல் பழுப்பு மஞ்சளாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். கறுத்து, பூஞ்சை பிடித்த பகுதியை எடுத்து எருக்குழியில் போடுங்கள்.

தினமும் வேண்டிய அளவு மட்டும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்டுப் போட வேண்டும். முதல் நாள் ஒரு கிலோவைச் சாதா வைக்கோலோடு கலந்து ஆரம்பித்து, பத்து நாளில் முழுசாக மாற்றுங்கள். பட்டினி கிடந்த மாட்டுக்கு எடுத்ததும் வயிறு நிறையப் போடக் கூடாது. யூரியா கரைசல் வைத்த பக்கெட்டை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. வெறும் கரைசலைக் குடித்த மாடு அரை மணியில் நடுங்கி, நுரை தள்ளி, வயிறு ஊதி விழும். காடியும் (வினிகர்) குளிர்ந்த தண்ணீரும் நிறையக் கொடுப்பது முதலுதவி. கையோடு 1962க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

இதோடு 30 முதல் 50 கிராம் தாது உப்பும் 30 கிராம் சாப்பாட்டு உப்பும் தினம் கொடுத்தால், பால் வற்றிய பசு உடம்பு இறங்காமல் நிற்கும். ஏழு மாதத்துக்கு மேல் சினை என்றால் ஒரு கிலோ அடர்தீவனம் கட்டாயம் சேர்க்க வேண்டும். வயிற்றில் உள்ள கன்று வளர்வது கடைசி இரண்டு மாதத்தில்தான்.

நம் ஊரில் கிடைக்கும் மற்றவை

ஆலைக்குக் கரும்பு வெட்டும் சீசனில் கொழுந்தாடை (கரும்பின் நுனித் தோகை) கிடைத்தால் விடாதீர்கள். நறுக்கிப் போட்டால் விரும்பித் தின்னும். ஆனால் கொழுந்தாடையிலும் வைக்கோலிலும் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். இவை இரண்டிலேயே ஓட்டுகிறவர்கள் தாது உப்பை ஒரு நாளும் விடக் கூடாது.

சீமைக்கருவேல் எல்லோருக்கும் எதிரிதான், ஆனால் அதன் பழுத்த காய் வறட்சியில் நல்ல தீவனம். சர்க்கரைச் சத்து இருக்கிறது, இனிக்கும். மஞ்சளாகக் கீழே விழுந்ததைப் பொறுக்கி, மொறுமொறுப்பாகக் காயவைத்து, விதையோடு அரைத்து அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். அரைக்காமல் முழுசாகப் போட்டால் விதை செரிக்காமல் சாணத்தில் வந்து உங்கள் கொல்லையிலேயே முளைக்கும். கருவேலங்காய், வெள்வேலங்காயும் கொடுக்கலாம்.

அகத்தி, சவுண்டல் (சூபாபுல்), கிளுவை, பூவரசு, வாகை, ஆல், அத்தி என்று மரத்தழை எதையும் ஒன்றாக மட்டும் கொடுக்காமல் கலந்து கொடுங்கள். சவுண்டல் பச்சைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் முடி கொட்டும். குடியாத்தம் பக்கம் வாழை வைத்திருப்பவர்கள் தார் வெட்டிய மரத்தை நறுக்கிப் போடலாம். அதில் சத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம், கோடையில் அதுவும் ஒரு உதவிதான்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவும் மண்ணில்லாத் தட்டு முளைப்பாரித் தீவனமும் வறட்சிக்குத் தீர்வு என்று பேசுகிறார்கள். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் உலர்பொருள் 50, 70 கிராம்தான். தட்டில் முளைக்கவைத்த மக்காச்சோளம் ஐந்து மடங்கு எடை கூடும், ஆனால் உலர்பொருள் கூடுவதில்லை, கொஞ்சம் குறையவே செய்யும். கன்றுக்கும் சினை மாட்டுக்கும் கொஞ்சம் ருசிக்கும் சத்துக்கும் சேர்க்கலாம். வைக்கோலுக்குப் பதிலாக இதை நம்பி இறங்காதீர்கள்.

பசித்த மாடு தின்னக் கூடாததைத் தின்னும்

வறட்சியில் செத்துப்போகும் மாடுகள் எல்லாம் பட்டினியால் சாவதில்லை. மழையில்லாமல் குட்டையாக நின்றுபோன சோளப் பயிர்தான் பெரிய ஆபத்து. வாடிய இளஞ்சோளத்திலும் அறுத்த தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். தின்ற கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கி, தள்ளாடி விழும். பூ எடுக்காத சோளத்தில் மாட்டை விடாதீர்கள். அறுத்து நன்றாக வெயிலில் காயவைத்தால் நஞ்சு குறையும். மாடு விழுந்துவிட்டால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. மருத்துவர் போடும் ஊசி ஒன்றுதான் காப்பாற்றும், அதுவும் உடனே போட வேண்டும்.

காட்டோரம் மேய்ச்சலுக்கு விடுகிறவர்கள் உன்னிச்செடியைப் பாருங்கள். நல்ல நாளில் எந்த மாடும் அதைத் தொடாது. பசியில் தின்றால் மஞ்சள் காமாலை வந்து, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். அரளியும் ஆமணக்கும் கூட நஞ்சுதான். வேலியோரம் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் மீந்த சோறு, ரேஷன் அரிசிக் கஞ்சி என்று பாவப்பட்டு ஒரு அண்டா நிறைய வைத்துவிடுகிறார்கள். வைக்கோலில் இருந்த வயிற்றில் திடீரென்று அவ்வளவு மாவு விழுந்தால் புளித்து அமிலமாகிவிடும். மறுநாள் மாடு எழுந்திருக்காது. இரண்டு கைப்பிடிச் சோறு தப்பில்லை, அண்டாவாக வேண்டாம்.

மேய்ச்சலில் புல் தேய்ந்து, மாடு மண்ணோடு கறண்டும்போது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) வரும் அபாயமும் கூடும். அதன் கிருமி மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். நம் ஊரில் முன்பு அடைப்பான் வந்திருந்தால், வருஷத்துக்கு ஒரு முறை தடுப்பூசி தவறக் கூடாது. அந்த ஊசி மருந்தே நம் பக்கத்து இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில்தான் தயாராகிறது. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்தால் அந்த மாட்டை அறுக்கவே கூடாது, தோலும் உரிக்கக் கூடாது. மனிதருக்கும் தொற்றும்.

தண்ணீரும் வெயிலும்

கோடையில் 300 கிலோ மாட்டுக்கு 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். வைக்கோல் தின்னும் மாட்டுக்குக் குறைத்தால் சாணம் உருண்டையாக இறுகும், தீவனமும் இறங்காது. பால் மறந்த கன்றுக்கு எப்போதும் தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும். பால் குடித்தவரை அதிலேயே தண்ணீர் கிடைத்தது, இப்போது அது இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். தீவனத்தில் பெரிய பங்கைக் காலை ஆறு மணிக்கு முன்னும் ராத்திரியும் போடுங்கள். பகல் வெயிலில் மாடு தின்னாது. தகர ஷெட் என்றால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள்.

கன்றுக்குக் குடற்புழு மருந்து பத்து பதினைந்தாம் நாளில் ஆரம்பித்து ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. புழு இருக்கும் கன்றுக்குப் போடும் தீவனம் உடம்பில் ஒட்டாது. கோமாரி, தொண்டை அடைப்பான் ஊசிகளை ஊர் மருந்தகம் முகாம் போடும்போது போட்டுவிடுங்கள்.

மழை வந்த பிறகு

முதல் மழையில் தலைகாட்டும் புல்லைப் பார்த்து மாட்டை நாள் முழுக்க அவிழ்த்து விடாதீர்கள். தண்ணீர்ப் புல், கழியும், வயிறு ஊதும். வைக்கோல் போட்டுவிட்டு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பத்து நாளில் பழக்குங்கள். சோள மறுதாம்பு துளிர்க்கும் கொல்லைப் பக்கம் இந்த நாட்களில் போகவே வேண்டாம்.

பால் மறந்து உடம்பு தேறிய பசு இந்த நேரத்தில்தான் பருவத்துக்கு வரும். கத்துகிறதா, கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். காலையில் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் சினை ஊசி போட வேண்டும்.

ஆடியில் ஈரம் இருக்கும்போதே அடுத்த கோடைக்கு விதையுங்கள். தண்ணீர் கொஞ்சம் உள்ளவர்கள் பத்து சென்டில் கோ எஃப்.எஸ். 29 தீவனச்சோளம் போடலாம். முதல் அறுப்பு 65 நாளில், பிறகு 50 நாளைக்கு ஒரு முறை. மானாவாரிக் கொல்லை மட்டும் உள்ளவர்கள் ஓரத்தில் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் கலந்து தூவலாம், வரப்பில் அகத்தியும் சவுண்டலும் நடலாம். விதையும் கரணையும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மல்லாட்டை பிடுங்கும்போது கொடியை வெயிலில் கருகவிடாமல், மழையில் நனையவிடாமல், இலையோடு கட்டி மேட்டில் அடுக்கி வையுங்கள். அடுத்த மாசியில் பால் மறக்கப்போகும் கன்றுக்கு அது வேண்டும்.